முற்றிலும் உடன்பட்ட முந்நூறு பேர்

சொரிமுத்து தன் ஆய்வேட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து, தேர்வு அலுவலகத்து எழுத்தர் அதன் முதல் பக்கத்தில் ரப்பர் முத்திரையை ஓங்கிக் குத்திய மறுகணமே, அதற்குள் புள்ளிவிவரமாகப் படுத்துக் கிடந்த முந்நூறு பேரும் எழுந்து, வேட்டி சேலையை உதறிக்கொண்டு, வரிசையாக வெளியே வந்துவிட்டார்கள்.

ஆவாரங்காடு பல்கலைக்கழகத்தில் யாரும் இதற்காக வாயைப் பிளக்கவில்லை. முத்திரை விழுந்துவிட்டால் எதுவும் நடக்கும் என்பது அங்கே தூண்களுக்குக்கூடத் தெரியும். முன்பொரு தடவை முத்திரை மாறி விழுந்ததில் தாவரவியல் பேராசிரியர் ஒருவர் இரண்டு மாதம் செத்துப்போயிருந்து, மறுமுத்திரை விழுந்த பிறகுதான் எழுந்து வந்து, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தார். பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. எழுத்தர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முந்நூறு பேரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"சாப்பாட்டு நேரம். ரெண்டு மணிக்கு மேல வாங்க."

"முற்றிலும் உடன்படுகிறோம்," என்றார்கள் முந்நூறு பேரும், ஒரே குரலில், சிரித்த முகமாக.

இருபத்தாறு வருடச் சேவையில் அப்படி ஒரு பதிலை அவர் கேட்டதில்லை. அன்றைக்கு அவருக்கு ஒரு கவளம் கூடுதலாக இறங்கியது.

இந்த முந்நூறு பேர் உண்டான கதையைச் சொல்ல வேண்டும். சொரிமுத்து பதினான்கு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற கொடுக்கம்பாறை ஊர்க்காரன், நாற்பத்து மூன்று வயது, ஒரு கல்லூரியில் தற்காலிக ஆசிரியன், டாக்டர் பட்டம் வந்தால்தான் வேலை நிரந்தரம். ஒன்பது வருடமாக ஆய்வு செய்தான். முதல் மூன்று வருடம் கைடு கிடைக்கக் காத்திருந்தான்; அடுத்த மூன்று வருடம் கைடு பேராசிரியர் இராசநாயகி அம்மையாருக்கு கேஸ் சிலிண்டர் புக் பண்ணி, கரண்ட் ஆபீசில் வரிசையில் நின்று, அவர் மகளின் கல்யாணப் பத்திரிகையை நான்கு மாவட்டத்துக்கும் கொண்டுபோய்க் கொடுத்தான்; மீதி மூன்று வருடம் தலைப்பை மாற்றினான். கடைசியில் நிலைத்த தலைப்பு, 'ஆவாரங்காடு நகரப் பேருந்துகளில் பயணிகளின் மனநிறைவு: ஓர் ஆய்வு.' முந்நூறு பயணிகளிடம் இருபத்தைந்து கேள்விகள் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டத்தில் ஒன்றில் டிக் வாங்கிவர வேண்டும். முதல் கட்டம் 'முற்றிலும் மறுக்கிறேன்', ஐந்தாவது கட்டம் 'முற்றிலும் உடன்படுகிறேன்.'

சொரிமுத்து போகத்தான் நினைத்தான். ஆனால் சித்திரை வெயிலில் இராசநாயகி அம்மையார் மொட்டைமாடியில் வடகம் காயப்போட்டிருந்தார், காக்காய் விரட்ட ஆள் இல்லை. ஒரு கையில் கம்பும் இன்னொரு கையில் பேனாவுமாக மூன்று பகல் அங்கே உட்கார்ந்து முந்நூறு படிவத்தையும் அவனே நிரப்பினான். ஆறு பேனா மாற்றினான். சிலதை இடது கையால் எழுதினான். பழைய கல்யாணப் பத்திரிகைகளில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே கிடந்த பெயர்களை எடுத்துப் போட்டுக்கொண்டான். சட்டைப்பையில் கிடந்தது மாதிரித் தெரிய நாலாக மடித்துப் பிரித்தான், சிலதில் டீயைச் சிந்தினான். ஒன்றில் காக்காய் மிதித்துவிட்டுப் போனது. அதுவும் இயற்கையாக இருக்கிறதென்று விட்டுவிட்டான். டிக் மட்டும் முந்நூறிலும் ஒரே கட்டத்தில், ஐந்தாவதில், மேலிருந்து கீழே ரயில் தண்டவாளம் மாதிரி இறங்கியது. கேள்வியைப் படிக்காமல் டிக் போடுகிறவர்களைப் பிடிப்பதற்காகவே அம்மையார் இடையிடையே கேள்விகளைத் தலைகீழாகப் போட்டுவைத்திருந்தார் என்பது அவனுக்குத் தெரியாது. அவன் கேள்வியைப் படிக்கவில்லை.

ஆகவே, நான்காவது கேள்வி 'பேருந்து குறித்த நேரத்தில் வருகிறது': முற்றிலும் உடன்படுகிறேன். பதினேழாவது கேள்வி 'பேருந்து பெரும்பாலும் வருவதே இல்லை': முற்றிலும் உடன்படுகிறேன். இருபத்தைந்தாவது கேள்வி 'மொத்தத்தில் நான் மனநிறைவோடு இருக்கிறேன்': முற்றிலும் உடன்படுகிறேன். கணக்குப் போட்டுக் கொடுத்த நவமணி ஜெராக்ஸ் கடை செல்லையா, "அண்ணாச்சி, ரிசல்ட்டு வெண்ணெ மாதிரி வந்திருக்கு. இவ்வளவு ஒத்துமையான ஜனங்கள நான் பார்த்ததே இல்ல," என்றான்.

இப்போது அந்த ஜனங்கள் துறை வாசலில் நின்றார்கள். நெஞ்சிலும் முதுகிலும் நாலாக மடித்த கோடு ஓடியது. இடது கையால் எழுதப்பட்டவர்கள் இடப்பக்கமாகச் சாய்ந்து நடந்தார்கள். சிலர் வேட்டியில் டீக்கறை. ஒரு பெரியவர் நெற்றியில் திருநீறு இருக்க வேண்டிய இடத்தில் காக்காய்க் கால். மூன்றாம் நாள் மாலையில் நிரப்பப்பட்ட கடைசி நூறு பேர் கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தார்கள்.

துறைத்தலைவர் எட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லயே, சொரிமுத்து களப்பணி நல்லா பண்ணியிருக்கான்," என்று சொல்லிவிட்டு வடை தின்னப் போனார். துணைவேந்தர் பந்தல் போடச் சொன்னார். தரமதிப்பீட்டுக் குழு வந்தபோது முந்நூறு பேரையும் முன்வரிசையில் உட்காரவைத்து, "இங்கே கல்வி சிறப்பாக நடக்கிறதா?" என்று அவர்களிடமே கேட்கச் சொன்னார்கள். குழு மூன்று நாள் தங்குவதாக இருந்தது. அரை மணி நேரத்தில் உயர்ந்த தரத்தைக் கொடுத்துவிட்டு அருவியில் குளிக்கப் போய்விட்டது.

பயந்தவர்கள் மற்ற ஆய்வு மாணவர்கள்தான். பஞ்ச காலத்தைப் பற்றி எழுதியிருந்த வரலாற்று மாணவன், முத்திரை விழுவதற்குள் ஓடிப்போய் ஆய்வேட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்தான். காட்டுப்பன்றிகளை எண்ணாமலே எண்ணாயிரம் என்று எழுதியிருந்த விலங்கியல் மாணவி, ஒரு சைபரைச் சுரண்டி, பிறகு யோசித்து இன்னொரு சைபரையும் சுரண்டினாள். அட்டவணை ஐந்தில் மாவட்டத்தின் வறுமையை அடியோடு ஒழித்திருந்த பொருளியல் மாணவன் ஒருவன் மட்டும், முத்திரை விழட்டும், ஊருக்கு நல்லதுதானே என்று கைடின் கையெழுத்துக்கு ஓடினான். கைடு இரண்டு அத்தியாயத்தில் காற்புள்ளி சரியில்லை என்றார். அந்த ஆய்வேடு இன்னும் அவர் மேசையில் கிடக்கிறது, வறுமையும் அது கிடந்த இடத்திலேயே கிடக்கிறது.

முந்நூறு பேருக்கும் தங்க இடம் தேட வேண்டிய சிரமம்கூட இருக்கவில்லை. பேருந்துப் பயணிகள் அல்லவா, நேராகப் பேருந்து நிலையத்துக்குப் போய்க் காத்திருக்க உட்கார்ந்துவிட்டார்கள். ஆவாரங்காடு ஒரு வாரத்தில் அவர்களை ஏற்றுக்கொண்டது. ஆறிப்போன டீயைக் கொடுத்துவிட்டுச் "சூடா இருக்கா?" என்று கேட்டால் உடன்பட்டார்கள். கட்சிக்காரர்கள் காலையில் ஒருவரும் மாலையில் ஒருவருமாக வந்து, "எங்க ஆட்சிதான் நல்லாட்சி?" என்று கேட்டு உடன்பாடு வாங்கிக்கொண்டு போனார்கள். ஊரில் வீட்டோடு மாப்பிள்ளை தேடி அலுத்துப்போயிருந்த மூன்று தகப்பன்மார் வந்து ஆளுக்கொருவரைப் பொறுக்கி எடுத்துப் பேசி வைத்துக்கொண்டார்கள். மாமியார் சொல்லுக்கு இப்படி உடன்படுகிற மாப்பிள்ளை எந்த ராசியில் கிடைப்பான்?

டெப்போ மேனேஜர் அதிசயராஜும் வந்தார். எந்தத் தடத்தில் எந்த பஸ்ஸைக் குறைக்கலாம் என்று மேலே இருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள், குறைத்தால் ஜனம் கல்லெறியுமே என்று பயந்துகொண்டே இருந்த மனிதர். பேருந்து நிலையத்து நடுவில் நின்று தொண்டையைச் செருமினார்.

"கொடுக்கம்பாறை போற பதினொண்ணாம் நம்பர் பஸ்ஸ நிறுத்திரலாமாய்யா?"

"முற்றிலும் உடன்படுகிறோம்."

அவருக்கே கண் கலங்கிவிட்டது. அன்று மாலையே உத்தரவு போட்டார்: பல்கலைக்கழக ஆய்வின்படி, பேருந்து வராத நிலையிலும் பயணிகள் முழு மனநிறைவு அடைவது மெய்ப்பிக்கப்பட்டிருப்பதால், தடம் எண் பதினொன்று நிறுத்தப்படுகிறது. கீழே அடிக்குறிப்பு, சொரிமுத்துவின் ஆய்வேடு, பக்கம் நூற்று எண்பத்தேழு. அவனை அதுவரை மேற்கோள் காட்டிய ஒரே மனிதர் அதிசயராஜ்தான்.

கொடுக்கம்பாறைக்கு அந்த ஒரு பஸ்தான். காலை ஏழு பத்துக்கு வரும், வந்தால் எட்டு மணிக்கு முன்னே டவுனில் விடும். அதில்தான் சொரிமுத்துவின் மனைவி முப்பிடாதி நைட்டி தைக்கிற கம்பெனிக்குப் பதினோரு வருடமாகப் போய்வந்தாள். பஸ் நின்ற முதல் நாள் கோழி கூவக் கிளம்பி நடந்தாள். இரண்டாம் நாளும் நடந்தாள். மூன்றாம் நாள் குதிகால் வெடித்து ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது சூப்பர்வைசர், "திங்கக்கிழமையில இருந்து எட்டு மணிக்கு மெஷின்ல உக்காரலன்னா அந்த மெஷின வேற ஆளுக்குக் குடுத்துருவேன், சொல்லிட்டேன்," என்றார்.

வீட்டுக்கு வந்து காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு முப்பிடாதி கேட்டாள்.

"முந்நூறு பேர்ட்ட கேட்டியளே, என்னைய ஒரு வார்த்த கேட்டியளா? பதினோரு வருசமா அந்த பஸ்ல தொங்கிட்டுப் போறவ நானுல்லா?"

"நீ வீட்டு ஆளு. சாம்பிள்ல வரமாட்ட."

"அப்ப அந்த முந்நூறு பேரும் எந்த வீட்டு ஆளு?"

சொரிமுத்து துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். துடைத்து முடித்த பிறகும் துடைத்தான்.

"சனிக்கிழமை வைவா. அது முடியட்டும், முப்பிடாதி. பட்டம் கைக்கு வந்துட்டா நானே போயி எல்லாத்தையும் சரி பண்ணுதேன்."

"பட்டம் வந்த பொறவு எவன் சரி பண்ணியிருக்கான்? சனிக்கிழமையே சொல்லுங்க. எல்லாம் நான் மொட்டமாடியில உக்காந்து எழுதினதுன்னு சொல்லுங்க."

"ஒம்போது வருசம்டீ."

"எனக்குப் பதினொண்ணு," என்றாள் முப்பிடாதி.

ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. நாற்பத்தொரு பேர் டவுன் சாலையில் மறியலுக்கு உட்கார்ந்தார்கள். தாசில்தார் ஜீப்பில் வந்து இறங்கி, பேருந்து நிலையத்தில் சிரித்தபடி காத்திருக்கிற முந்நூறு பேரைக் கையைக் காட்டினார். "இந்தப் பக்கம் நாப்பத்தோரு பேரு. அந்தப் பக்கம் முந்நூறு பேரு. நாட்டுல ஜனநாயகம்னு ஒண்ணு இருக்குல்லா?" என்றார். நாற்பத்தொரு பேரும் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தார்கள்.

சனிக்கிழமை வந்தது. வைவா என்றால் வாய்மொழிப் பரீட்சை என்று நினைத்துவிடாதீர்கள். அது கிட்டத்தட்ட நிச்சயதார்த்தம். ஆளுக்கொரு பொட்டலத்தில் ஜாங்கிரியும் மிக்சரும், வெளித்தேர்வாளருக்குப் பொன்னாடை, மதியம் பிரியாணி. பொதுமக்களும் கேள்வி கேட்கலாம் என்று விதி இருப்பதால், கேட்க வேண்டிய இரண்டு கேள்விகளை இரண்டு நண்பர்களுக்கு முந்தின நாளே எழுதிக் கொடுத்துவிடுவது வழக்கம். முந்நூறு பேரும் வந்து கருத்தரங்கக் கூடம் நிறைய உட்கார்ந்தார்கள். கொடுக்கம்பாறைப் பெண்கள் பதினைந்து பேர் நடந்தே வந்து கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றார்கள், நடுவில் குதிகாலில் துணி சுற்றிக்கொண்டு முப்பிடாதி.

எல்லாம் ஒழுங்காகத்தான் போயிருக்கும். வெளித்தேர்வாளர் ஏகாம்பரம் செய்த தப்பு, அவர் ஆய்வேட்டைப் படித்துவிட்டார். வேண்டுமென்று செய்யவில்லை. வருகிற வழியில் ரயிலைச் சிக்னலில் மூன்று மணி நேரம் போட்டுவிட்டார்கள், பையில் வேறு காகிதம் இல்லை.

"தம்பி," என்றார் ஏகாம்பரம், ஜாங்கிரியை ஓரமாக வைத்துவிட்டு, "பஸ் நேரத்துக்கு வருதுங்கறாங்க. பஸ் வர்றதே இல்லைங்கறாங்க. ரெண்டுக்கும் முந்நூறு பேரும் முற்றிலும் உடன்படறாங்க. அப்புறம் மனநிறைவுங்கறாங்க. இது எப்படி?"

கூடத்தில் மிக்சர் கடிக்கிற சத்தம் நின்றது. இராசநாயகி அம்மையார் அவனைப் பார்த்து, எதையாவது சொல்லேன் என்று புருவத்தை ஆட்டினார். சொரிமுத்துவிடம் பதில் இருந்தது. நவமணி கடையில் சொல்லிக் கொடுத்த பதில், இரண்டு நிமிடத்துக்கு வரும், யாருக்கும் புரியாது. வாயைத் திறந்தான். முந்நூறு தலைகளுக்கு மேலே, கடைசியில், முப்பிடாதி ஒரு காலைத் தூக்கி மறுகாலின் மேல் வைத்துக்கொண்டு நின்றது தெரிந்தது.

"ஐயா, இவங்க யாரும் கிடையாது," என்றான் சொரிமுத்து. "நான் யாருட்டயும் கேக்கல. மேடம் வீட்டு மாடியில வடகத்துக்குக் காவல் இருந்தப்ப எல்லாத்தையும் நானே எழுதினேன்."

சொல்லி முடித்ததும் அவனுக்கு உடம்பு லேசாகிவிட்டது. பட்டம் போச்சு, வேலை போச்சு, ஆனால் பஸ் வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடினான். பாவம், அவன் பல்கலைக்கழகத்தை ஒன்பது வருடமாகத்தான் அறிவான்.

ஏகாம்பரம் முந்நூறு பேர் பக்கம் திரும்பினார். "நீங்கள்லாம் கிடையாதுன்னு சொல்றாரே?"

"முற்றிலும் உடன்படுகிறோம்."

"அப்ப நீங்க இருக்கீங்களா?"

"முற்றிலும் உடன்படுகிறோம்."

ஏகாம்பரம் நெற்றியைத் தடவினார். இராசநாயகி அம்மையார் எழுந்தார், முப்பத்தொரு பேரை டாக்டராக்கி அனுப்பிய கை அது.

"சார், இதுல குழப்பமே இல்ல. முந்நூறு பேர் ஒரு மாதிரி சொல்றாங்க. ஒரே ஒருத்தர் மட்டும் மாத்திச் சொல்றார். கூட்டத்தோட ஒட்டாம ஒரு பதில் தனியா நின்னா, ஆய்வுல அதை என்ன செய்வோம்?"

"நீக்கிருவோம்," என்றார்கள் பேராசிரியர்கள் எல்லோரும், வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளைகள் மாதிரி.

இரண்டு பேர் வந்து சொரிமுத்துவைக் கையைப் பிடித்து, நோகாமல், கூடத்தின் ஓரத்தில் ஜன்னல் பக்கமாக நகர்த்தி நிற்க வைத்தார்கள். அவன் உண்மை சொன்னது குறிப்பேட்டில் ஏறவில்லை. ஏகாம்பரம் பெருமூச்சு விட்டுவிட்டு, ஜாங்கிரியை மறுபடி பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "பொதுமக்கள் யாராவது கேள்வி கேட்கிறதா இருந்தா கேட்கலாம்," என்று துறைத்தலைவர் வழக்கப்படி அறிவித்தார்.

"நான் கேக்கேன்," என்றது கடைசி வரிசைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

முப்பிடாதி நொண்டிக்கொண்டே முன்னால் வந்தாள். ஏகாம்பரத்தைப் பார்க்கவில்லை, புருஷனையும் பார்க்கவில்லை. முந்நூறு பேரையும் பார்த்து நின்றாள். இத்தனை நாளில் டீக்கடைக்காரன் கேட்டான், கட்சிக்காரன் கேட்டான், மேனேஜர் கேட்டார், துணைவேந்தர் கேட்டார். கொடுக்கம்பாறைக்காரர்கள் மட்டும் அவர்களைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்களே ஒழிய, ஒரு கேள்வி கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்திருந்தது.

"ஏய்யா, ஏ தாயீ, எங்க ஊருக்கு பதினொண்ணாம் நம்பர் பஸ்ஸு வேணும்லா?"

"முற்றிலும் உடன்படுகிறோம்."

"அப்ப எங்க கூட வந்து டெப்போ வாசல்ல உக்காருவியளா?"

"முற்றிலும் உடன்படுகிறோம்."

"பஸ்ஸ விடுத வரைக்கும் எந்திரிக்க மாட்டிய?"

"முற்றிலும் உடன்படுகிறோம்."

முப்பிடாதி கொஞ்சம் யோசித்தாள். பதினோரு வருடம் பிசிறு வராமல் தைத்தவள். ஒரு தையல் போட்டால் பிரியாமலிருக்க மேலே இன்னொரு தையல் ஓட்டுவது அவள் வழக்கம்.

"இன்னயில இருந்து, கொடுக்கம்பாறைப் பொம்பளைய தவிர வேற எவன் என்ன கேட்டாலும் ஒங்களுக்குக் காது கேக்காது?"

"முற்றிலும் உடன்படுகிறோம்," என்று எழுந்தார்கள் முந்நூறு பேரும். கொட்டாவி விட்ட நூறு பேருக்குக்கூடத் தூக்கம் கலைந்திருந்தது. பதினைந்து பெண்கள் முன்னால் நடக்க, நேராக நடப்பவர்களும் இடப்பக்கம் சாய்ந்து நடப்பவர்களுமாகக் கூடம் காலியானது. துறைத்தலைவர், "பிரியாணி இருக்கு, பிரியாணி இருக்கு," என்று வாசல்வரை கத்திக்கொண்டு ஓடினார். ஒருவர் காதிலும் விழவில்லை.

அதிசயராஜ் டெப்போ வாசலில் வந்து நின்று, "நீங்கதானய்யா நிறுத்தச் சொன்னீய?" என்று தொண்டை கட்டுமட்டும் கேட்டார். முந்நூற்றுப் பதினைந்து பேர் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பஸ் வெளியே போக முடியவில்லை, ஒரு பஸ் உள்ளே வர முடியவில்லை. தாசில்தார் ஜீப்பில் வந்து இறங்கி இந்தப் பக்கம் எண்ணினார், அந்தப் பக்கம் எண்ண ஆள் இல்லை. தனக்கு ஜனநாயகத்தைப் பற்றி எதுவும் தெரியாது என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் தடம் எண் பதினொன்றை மறுபடி விடுவதாக உத்தரவு வந்தது, புது முத்திரையோடு.

பல்கலைக்கழகமும் சளைக்கவில்லை. 'உட்கார்ந்திருந்த சமூகத்தை எழுப்பி, எழுந்த சமூகத்தை மீண்டும் உட்காரவைத்த அரிய ஆய்வு' என்று குறிப்பெழுதி, பாராட்டோடு பட்டம் கொடுத்துவிட்டார்கள். சொரிமுத்து வேண்டாமென்று மூன்று தடவை சொன்னான். மூன்றையும் நீக்கிவிட்டார்கள். ஆகவே இனி நாமும் அவன் இவன் என்று பேசக் கூடாது. அவர் டாக்டர் சொரிமுத்து.

திங்கட்கிழமை காலை ஏழு பத்துக்கு பஸ் வந்தது. டெப்போவில் எழுந்த முந்நூறு பேரும் அதிலேயே ஏறி வந்திருந்தார்கள். எவ்வளவு பயணம் போனாலும் அவர்கள் பயணிகள்தான், படிவத்தில் இறங்குவது பற்றிக் கேள்வியே கிடையாது. ஒரு பஸ்ஸில் முந்நூறு பேர் எப்படி என்று கேட்காதீர்கள், காகிதக் கனம்தானே, ஒருவர் மேல் ஒருவர் கட்டு மாதிரி அடுக்காக இருந்தார்கள். இனி அந்த பஸ் காலியாக ஓடுகிறது என்று எந்த அதிகாரியும் எழுத முடியாது. முப்பிடாதி படியில் காலை வைத்து, "தாயீ, ஒரு ஜன்னலோர சீட்டு இருக்குமா?" என்றாள். முற்றிலும் உடன்பட்டு விலகினார்கள். பின்னாலேயே பதினான்கு பெண்களும் ஏறிக்கொண்டார்கள்.

டாக்டர் சொரிமுத்து பட்டச் சான்றிதழைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியில் ஒரு காலை வைத்தார். நிரந்தர வேலையின் முதல் நாள். "ஐயா, கொஞ்சம் உள்ள நகருங்க," என்றார். அவர் கையால் உண்டான முந்நூறு பேரும் அவரை அன்பாகப் பார்த்தார்கள், நகரவில்லை. காது கேட்கவில்லை.

"முப்பிடாதி, நீயாவது சொல்லு!"

முப்பிடாதி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். குதிகாலில் இன்னும் துணி சுற்றியிருந்தது.

"ஏங்க, ஒங்கட்ட ஒண்ணு கேக்கணும். இந்த பஸ்ல எடம் இல்ல. ஒத்துக்கிடுதியளா?"

டாக்டர் உள்ளே எட்டிப் பார்த்தார், படியைப் பார்த்தார், அவள் காலைப் பார்த்தார்.

"ஒத்துக்கிடுதேன்," என்றார்.

கண்டக்டர் விசில் ஊதினார். எட்டு மணிக்கு நைட்டிக் கம்பெனியில் முப்பிடாதியின் மெஷின் ஓடத் தொடங்கியபோது, டாக்டர் சொரிமுத்து நான்காவது கிலோமீட்டரில் சட்டை நனைய வந்துகொண்டிருந்தார். எதிரே ஆடு பத்திக்கொண்டு வந்த கிழவி ஒருத்தி, "என்ன சாரே, பஸ்ஸு வரலயா?" என்று கேட்டதற்கு, ஒன்பது வருடம் ஆராய்ந்தவருக்கு எந்தக் கட்டத்தில் பதில் சொல்வதென்று தெரியவில்லை.